நாப் பேக்லிடாக்சல்: கூட குடுக்குற காசுக்கு என்ன கிடைக்குது?

அத்தைக்கு மார்பக கேன்சர், எலும்புக்கும் பரவிருச்சு. மொதல்ல சாதா பேக்லிடாக்சல்ங்கற கீமோ மருந்தைத்தான் ஏத்துனாங்க, ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முகம் செவந்து மூச்சு முட்டி நிறுத்த வேண்டியதாப் போச்சு, அதுக்கப்புறம்தான் டாக்டர் அதே மருந்தோட இன்னொரு வகையான இந்த நாப் பேக்லிடாக்சலுக்கு மாத்துனாரு.

விஷயம் என்னன்னா பேக்லிடாக்சல் தண்ணில கரையாது, அதனால சாதா மருந்துல ஆமணக்கெண்ணெய்லேர்ந்து செஞ்ச கிரெமோஃபோர்னு ஒண்ணையும் ஆல்கஹாலையும் சேர்க்குறாங்க. அலர்ஜிக்கு பெரும்பாலும் அந்த கிரெமோஃபோர்தான் காரணம், அதைத் தடுக்கத்தான் முன்னாடியே ஸ்டீராய்டு ஊசி. அத்தை சுகர் பேஷண்ட் வேற, ஸ்டீராய்டு போட்டா சுகர் எகிறிடும். நாப்ல அந்த எண்ணெய் சமாச்சாரமே கிடையாது, ரத்தத்துல இருக்குற ஆல்புமின் புரதத்தோட மருந்தைச் சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் துகளா பண்ணிருக்காங்க. 3 மணி நேரம் ஏறுனது 30 நிமிஷத்துல முடிஞ்சுடுது. ஸ்டீராய்டும் பொதுவா தேவையில்ல.

கலக்குறதை கண்ணாடி வழியா பாத்தேன், சிஸ்டர் 20 மில்லி சலைனை வயலோட (மருந்துப் பொடி இருக்குற சின்ன கண்ணாடி பாட்டில்) உள்சுவர்ல வழியுற மாதிரி மெதுவா விட்டு, அப்டியே அஞ்சு நிமிஷம் வச்சிட்டு, குலுக்காம லேசா சுத்துறாங்க, நுரை வந்துடக் கூடாதாம். பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு.

ஆனா "நானோ, கேன்சர் செல்லை மட்டும் தேடி அடிக்கும்"னு சொல்றதை நம்பாதீங்க. முடி கொட்டுச்சு, வெள்ளை அணு இறங்குச்சு. 2005ல வந்த ட்ரயல்ல கட்டி சுருங்குனது 33 சதவீதம் பேருக்கு, சாதாவுல 19, அது நல்ல விஷயம்தான், ஆனா கை கால் மரத்துப்போறது கடுமையா வந்தது 10 சதவீதம், சாதாவுல 2. அத்தையால இப்ப ஜாக்கெட் ஹூக் போட முடியல, பூ கட்டுறதையும் விட்டுட்டாங்க. டாக்டர்கிட்ட சொன்னதும் டோஸ் கொறச்சாரு, மொதல்லயே சொல்லிருங்க.

விலைதான் கடுப்பு. ஒரு வயல் 100 மில்லிகிராம், அத்தை உடம்புக்கு ஒரு தடவைக்கு நாலு வயல். நம்ம ஊர் கம்பெனிங்களோட ஜெனரிக்கும் இருக்கு, கடைக்குக் கடை விலை மாறுது, எம்ஆர்பி பாத்து பயந்துடாம நாலு இடத்துல கேளுங்க.

அலர்ஜியோ சுகரோ இருந்தா 5க்கு 4 குடுப்பேன், இல்லன்னா சாதாவே போதுமான்னு டாக்டர்கிட்ட ஒருவாட்டி கேட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் டோஸ் வேற வேற, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு ஏத்தக் கூடாது, அதனால வாங்கும்போது பெட்டில ஆல்புமின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.