கல்கத்தா கோப்பை: மூலமா, நகலா?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ரக்பி ஆட்டத்தின் வெற்றியாளருக்கு 1878ஆம் ஆண்டின் மூலக் கோப்பையையே கொடுக்கலாமா, நகலைக் கொடுப்பது மேலா என்று தயங்குவோர் கீழுள்ளவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

வரலாறு
மூலம்: கல்கத்தாவில் ரக்பி ஆடிய கழகம் கலைந்தபோது, அதன் இருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும் யானை மூடியின் உச்சியிலும் அமையுமாறு இந்தியக் கைவினைஞர்கள் செய்த இக்கோப்பைக்காக, முதல் ஆட்டம் 1879இல் எடின்பரோவில் நடந்தது. அந்த நாணயங்களே கோப்பையாக நிற்கின்றன என்பதுதான், என் மனத்தில், இதன் தனிப்பெருமை.
நகல்: அதே உருவம் உண்டு, அந்த வெள்ளி இல்லை.

உறுதி
மூலம்: 1988இல் ஆட்டத்திற்குப் பிந்தைய கொண்டாட்டத்தில், வீரர்கள் சிலர் இதை எடின்பரோத் தெருக்களில் பந்துபோல் உதைத்ததால் நசுங்கியது, சீர்செய்யப்பட்டாலும் நலிந்தே இருக்கிறது.
நகல்: சேதமானால் மீண்டும் செய்துகொள்ளலாம்.

பராமரிப்பு
மூலம்: காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும், ஒவ்வொரு மெருகேற்றலும் மெல்லிய படலத்தையும் நுண்செதுக்கையும் தேய்ப்பதால், அடிக்கடி துலக்குவதைவிட ஈரம் அண்டாத கண்ணாடிப் பேழையும் கையுறையுமே நல்ல காப்பு.
நகல்: வழக்கமான துடைப்பு போதும்.

ஆகவே, மைதானத்தில் உயர்த்தவும் ஊர்வலத்தில் கொண்டுசெல்லவும் நகலே பொருந்தும். வரலாற்றை நேரில் காண விரும்புவோருக்கு, லண்டனின் ட்விக்கன்ஹாம் ரக்பி மைதானத்திலுள்ள அருங்காட்சியகத்தின் பாதுகாப்பிலுள்ள மூலமே ஏற்றது.