பைத்தானும் சிஎஸ்வியும்: பல வருஷப் பழக்கத்துக்குப் பிறகு ஒரு புலம்பல்

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர், முன்பதிவுப் பட்டியலையும் காப்பித்தூள் ஆர்டரையும் பைத்தான் என்ற நிரல்மொழியில் சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுக்கலாமா என்று கேட்டார். வாட்ஸப்பில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எடுத்துத் தரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளை (குட்டி நிரல்களை) வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி போச்சு, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, பாக்கி யார் பக்கம், அவ்வளவுதான். பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல் (சிஎஸ்வியைப் படிக்க, எழுத உதவும் துணை நிரல்) இதில் ஒருநாளும் காலை வாரியதில்லை. பெயருக்குள் கமா வந்தாலும், முகவரி இரண்டு வரியாக இருந்தாலும் ஒழுங்காக எழுதிவிடும். இந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் திட்டுதான்.

விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் குறிமுறை) எதுவென்று சொல்லாவிட்டால் 3.14 வரையிலான பைத்தான் அந்தக் கணினியின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது, முதல் தமிழ்ப் பெயரிலேயே ஸ்கிரிப்ட் படுத்துவிடும். சரி, எல்லா மொழிக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறிமுறையைக் கொடுத்தால் ஓடும், ஆனால் பட்டறைக்காரர் அதை டபுள் கிளிக் செய்து எக்செல்லில்தானே திறப்பார்? யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'சேலம்' 5 குறியீடு (ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி), ஆக 15 பைட். ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் ஒரே பைட்தான், எக்செல் அதை மேற்கத்தியக் குறிமுறையாகப் படித்து, பக்கம் முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வாக நிரப்பிவிடும். "தம்பி, வைரஸ் வந்துடுச்சா?" என்று போன் வரும். அதற்குப் பதில் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் கோப்பின் தலையில் 3 பைட் அடையாளம் ஒன்று உட்கார்ந்துகொள்ளும், எக்செல்லுக்குப் புரிந்துவிடும். அதே கோப்பை இன்னொரு ஸ்கிரிப்ட் வெறும் யுடிஎஃப்-8 என்று படித்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு 'பெயர்' என்ற பத்தியே (நெடுவரிசையே) இல்லை என்று அடம்பிடிக்கும்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். என்னைக் கடுப்பேற்றுவது கழித்தல் குறி.

நண்பரின் முன்பதிவுப் படிவத்தில் யாரும் எதையும் தட்டலாம். குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒருவன் சமக்குறியில் தொடங்கி ஹைப்பர்லிங்க் ஃபார்முலா எழுதிவைத்தால், சிஎஸ்வியில் அது வெறும் எழுத்து, எக்செல்லில் உயிருள்ள ஃபார்முலா. பக்கத்துக் கட்டத்து போன் நம்பரை இணைப்பு முகவரிக்குள் சேர்த்து, மேலே 'ரசீது பார்க்க' என்று காட்ட வைத்திருப்பான். நீங்கள் கிளிக் செய்தால் விருந்தினர் விவரம் அவன் கைக்குப் போய்விடும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி என எதில் தொடங்கினாலும் முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு வெறும் எழுத்தாக்கிவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம்.

போட்டால்? -12.5 கிராம் பாக்கி எழுத்தாக மாறிவிடும், எக்செல்லில் கூட்டிச் சொல்லும் சம் ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பாதுகாப்பு ஜோர், வெள்ளிக் கணக்குதான் உதைக்கும். போடாவிட்டால் +91 என்று தொடங்கும் போன் நம்பர் கூட்டல் குறியை உதிர்த்துவிட்டு 9.19இ+11 என்று நிற்கும். சிஎஸ்வி வழியாக வந்த மேற்கோள் திரையில் மறையவும் மறையாது. எண் பத்தியை எண்தானா என்று சோதித்து அப்படியே விட்டு, எழுத்துப் பத்திக்கு மட்டும் மேற்கோள் போட வேண்டியிருக்கிறது. எது எந்தப் பத்தி என்று சிஎஸ்விக்குத் தெரியாது, அது அதன் குற்றமும் இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது.

எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாக எழுதினால் தமிழ்த் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அதை எழுத உதவும் பைத்தான் நூலகமான ஓபன்பைஎக்செல் சமக்குறியைப் பார்த்தால் தானே ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளும், அங்கேயும் கவனம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் என்ற இன்னொரு நூலகத்தில் ரைட்_ஸ்டிரிங் என்று கொடுத்து, இது எழுத்துதான் எனக் கறாராக எழுதலாம். அப்புறம், பிக்கிள் (பைத்தான் தன் தரவைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதைத் திறக்கும்போதே உள்ளே வைத்த கட்டளை ஓடிவிடலாம், நம்பாத இடத்துக் கோப்பைத் திறக்காதே என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது.

ஆக, நண்பரே, உங்களுக்குச் சிஎஸ்வி வேண்டாம். எனக்கு? அடுத்த மாசக் கணக்கும் சிஎஸ்விதான். சந்தேகம் வந்தால் நோட்பேடில் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம், எக்ஸ்எல்எஸ்எக்ஸில் அது நடக்காது.