எலுமிச்சை யூகலிப்டஸ் கொசு விரட்டி: திறந்தவெளியில் எவ்வளவு நேரம் காக்கிறது?

இயற்கையானது என்ற அடைமொழியுடன் விற்கப்படும் கொசு விரட்டிகளில், திறந்தவெளியில் நம்பித் தடவிக்கொள்ளத்தக்கது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது, எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து பெறப்பட்டுச் செறிவூட்டப்பட்ட எண்ணெய் 30 விழுக்காடு கலந்த தெளிப்பான்தான். தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் மலைப்பாதையிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு இது. அதே அடுக்கில் இருக்கும் மற்ற இயற்கைப் பொருள்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மரத்தின் பெயரில் இரு வேறு பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்று, நறுமணத்துக்காக இலையைக் காய்ச்சி வடித்தெடுத்த தைலம். அதில் மிகுதியாக இருப்பது சிட்ரோனெல்லால் என்ற எளிதில் ஆவியாகும் பொருள். மற்றொன்று, அந்தத் தைலத்தைப் பதப்படுத்தி, பாரா-மென்தேன்-3,8-டையால், சுருக்கமாகப் பி.எம்.டி., என்னும் பொருளின் அளவைச் சுமார் 65 விழுக்காடு வரை உயர்த்தியது. கொசுவை நெடுநேரம் தள்ளி நிறுத்துவது இந்தப் பி.எம்.டி.தான். வடித்தெடுத்த தைலத்தில் அது மிகக் குறைவாகவே உண்டு. ஆகவே குப்பியின் முன்பக்கத்தில் இலைப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பின்பக்கத்தில் பி.எம்.டி. என்றோ செறிவூட்டிய எண்ணெய் என்றோ அளவோடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். நறுமணத் தைலத்தை வாங்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசிக்கொண்டு, இயற்கை முறை பயன்படவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். அவர்கள் பயன்படுத்தியது வேறு பொருள்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிது என்பதற்குக் காரணம் ஆவியாதல்தான். மனிதர் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பெண் கொசு தொலைவிலிருந்தே உணர்ந்து வருகிறது. அருகில் வந்தபின் வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் முதலியவற்றின் மணமும் உடல் வெப்பமும் அதற்கு வழிகாட்டுகின்றன. விரட்டி மருந்தின் ஆவி தோலுக்குச் சற்று மேலே நிலைத்து நின்று இந்த வழிகாட்டலைக் குலைக்க வேண்டும். வாசனைத் தைலங்கள் பெரும்பாலும் விரைவாகப் பறந்துவிடுவதால், தடவிய தொடக்கத்தில் நன்றாக வேலை செய்து, பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் கைவிட்டுவிடுகின்றன. பி.எம்.டி. மெதுவாகவே ஆவியாகிறது, செறிவும் சூழலும் சரியாக அமைந்தால் ஆறு மணி நேரம் வரை பாதுகாப்புத் தரக்கூடியது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், டீட் என்ற செயற்கை வேதிப்பொருளுக்கு மாற்றாகப் பயன்படுத்தத்தக்கவை என்று அறிவித்தவற்றுள், தாவரத்திலிருந்து வந்தது இந்த எண்ணெய்.

பயன்படுத்திய அனுபவத்தில், குப்பியில் எழுதியிருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாலையில் மறுபடி தடவ வேண்டிய தேவை ஏற்படவில்லை. வியர்க்க வியர்க்க மேடேறும்போதும், கால்களை நீரில் நனைத்தபின்னும் அந்தக் காவல் மிக விரைவில் தளர்ந்துவிட்டது. தெளித்ததோடு நில்லாமல் கையால் சீராகத் தேய்த்துவிடுவதும் அவசியம், ஏனெனில் மருந்து படாமல் விடுபட்ட திட்டு சிறிதாக இருந்தாலும் கொசு அதையே தேடிப் பிடிக்கிறது. கணுக்காலும் முழங்கையின் பின்புறமும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இடங்கள். வெயில் காப்புக் களிம்பும் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, அது தோலில் ஊறியபின் விரட்டியைத் தடவ வேண்டும்.

மணம் கூர்மையானது, எலுமிச்சையும் கற்பூரமும் கலந்தாற்போல் எழுந்து, சிறிது நேரத்தில் தணிகிறது. தொடக்கத்தில் தோல் லேசாகப் பிசுபிசுக்கிறது. மென்மையான மணத்தை விரும்புபவர்களுக்கு இது குறையாகவே தோன்றும், நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணெரிச்சல் அப்படி ஒதுக்கத்தக்கதன்று. இந்த எண்ணெய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால், முகத்தில் நேரடியாகத் தெளிக்காமல் உள்ளங்கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் தவிர்த்துப் பூச வேண்டும். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவும் கூடாது.

ஒருவகை வாசனைப் புல்லின் எண்ணெயான சிட்ரோனெல்லா கலந்த பொருள்களைப் பற்றியும் இதே அளவு விரிவாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவை அதற்கு இடம் தரவில்லை. 2002ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தோலில் பூசும் சிட்ரோனெல்லா வகைகள் காத்த நேரம் சராசரியாக 20 நிமிடங்களுக்கும் குறைவு, 2 விழுக்காடு சோயா எண்ணெய் கொண்ட தயாரிப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காத்தது, 23.8 விழுக்காடு டீட் கொண்டது ஐந்து மணி நேரம் காத்தது. மருந்து ஊட்டிய கைப்பட்டைகள் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பட்டை கட்டிய மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக்கூட அந்த ஆவி எட்டாதபோது, குழந்தைகளின் கையில் அதைக் கட்டிவிட்டுப் பெற்றோர் நிம்மதியாக இருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. டெங்கு பரவும் இடங்களில் அந்தப் பொய்யான நிம்மதி ஆபத்தானது. சிட்ரோனெல்லா மெழுகுவத்தி மேசைக்கு அழகு சேர்க்கும். காற்று அசையும் இடத்தில் அதைக் காவலாக எண்ண முடியாது. வேப்பெண்ணெய் தோலில் சற்று நேரம் பயன் தருவதுண்டு. ஆனால் அதன் தரமும் செறிவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், இத்தனை நேரம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பூண்டு தின்பதும் பி வைட்டமின் மாத்திரை விழுங்குவதும் கொசுவைத் தடுப்பதில்லை.

மருந்தே இல்லாத ஒன்றை இங்கே சேர்த்தாக வேண்டும். உட்காரும் இடத்தில் மேசை மின்விசிறி ஒன்றைக் கால்களை நோக்கித் தாழ்வாக வைத்தால் கிடைக்கும் பலனை எந்த மெழுகுவத்தியும் தந்ததில்லை. கொசு வலுவாகப் பறக்கும் பூச்சியன்று. காற்றோட்டம் அதைத் தள்ளுவதோடு, நம் மூச்சையும் உடல் மணத்தையும் சிதறடித்து அது வரும் வழியையும் அழித்துவிடுகிறது. தெளிப்பானும் மின்விசிறியும் சேர்ந்த மாலைகளே எனக்குக் கடியில்லாமல் கழிந்தவை. வெளிர் நிறத்தில் தளர்வாகக் கைகால்களை மூடும் ஆடை உடுத்தினால் மருந்து பூச வேண்டிய பரப்பும் குறைகிறது.

கொசு அல்லாத கடிபூச்சிகளிடம் இந்த எண்ணெயின் பலன் ஒரே சீராக இல்லை. உண்ணிகளுக்கும் மிகச் சிறிய கடி ஈக்களுக்கும் எதிராக அது உதவுகிறது. உண்ணி உள்ள புல்வெளிக்குப் போனால், மருந்து பூசியிருந்தாலும், திரும்பியதும் உடலை நன்றாகச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். குதிரை ஈயிடம் இதன் ஆற்றல் சொற்பமே. அசையும் இருண்ட உருவத்தைக் கண்ணால் கண்டு துரத்தி வரும் பூச்சி அது என்பதால், தோலின் மணத்தை மறைப்பது அதற்குப் பெரிய தடையாவதில்லை. தடித்த வெளிர் நிறத் துணியே அங்கே கைகொடுக்கிறது.

வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தும் என் பரிந்துரை மாறும். வேதிப்பொருளின் மணமோ டீட் பட்டு நெகிழிப் பொருள்கள் இளகுவதோ பிடிக்காத பெரியவர்களுக்கு இது மிக நல்ல தேர்வு. மலேரியா போன்ற நோய் கடுமையாகப் பரவும் பகுதியில் நாள் முழுதும் வெளியே நிற்கப்போகிறவர்களுக்கு, நீண்ட நேரம் தாங்கும் டீட் அல்லது இகாரிடின் என்ற மற்றொரு செயற்கை விரட்டி கலந்ததையே சொல்வேன். மூன்று வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இந்த எண்ணெயைப் பூசக் கூடாது. இயற்கையானதுதானே என்று இங்கே விதிவிலக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களைக் கூட்டிச் செல்லும் தள்ளுவண்டியின் மேல், ஓரங்களில் இடைவெளி இல்லாதபடி மெல்லிய கொசுவலையை இழுத்துக் கட்டிவிடலாம்.