ரெண்டரிங் வேகம்: ஓவர்கிளாக்கா, கூடுதல் கோர்களா?

3D காட்சியைப் படமாக்குவதுதான் ரெண்டரிங். ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டி, 4.5 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை 5-க்கு ஏற்றினால் வேகம் 11 சதவீதம்தான் கூடும். ரெண்டராகப் பத்து நிமிடம் எடுக்கும் ஃபிரேம் (ஒரு படம்) ஒன்பது நிமிடத்தில் முடியும், அவ்வளவுதான். அதற்காக வோல்டேஜை 10 சதவீதம் உயர்த்தினால், மின்செலவு கிளாக் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுவதால், சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சின்னச் சோதனையில் தாக்குப்பிடித்த மெஷின் ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டரில் பாதியில் நின்றால், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போச்சு.

கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. 8 கோருக்குப் பதில் அதே கிளாக்கில் 16 என்றால் கதையே வேறு. 3D மென்பொருளான பிளெண்டரின் ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ், வேலையை எல்லாக் கோர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். நேரம் கிட்டத்தட்ட பாதியாகும். காட்சியைத் தயார்செய்யும் சில கட்டங்கள் மட்டும் ஒற்றைக் கோரில் மெதுவாக நகரும்.

மாடலிங்தான் (3D உருவங்களை அமைப்பதுதான்) அதிகம் என்றால் சரி, அது பெரும்பாலும் ஒற்றைக் கோரில் ஓடுவதால் ஓவர்கிளாக் கைகொடுக்கும். ரெண்டருக்கு என் ஓட்டு கோர்களுக்கே. அப்புறம், ராம் போதாமல் டிஸ்க்கைத் தொட ஆரம்பித்தால் இரண்டுமே உதவாது.