மூடிக்கிடக்கும் லெதர் பவளம்: காத்திருப்பா, தண்ணீர் மாற்றலா, அயடின் டிப்பா?

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் லெதர் கோரல் எனும் சார்கோபைட்டன் (ஒரு மென்பவளம்) மூன்று நாள் விரியாவிட்டால் கை அயடின் போத்தலைத் தேடும். மலையகத்தில் முதலில் தேட வேண்டியது தெர்மாமீட்டர். காத்திருத்தல், தண்ணீர் மாற்றல், டிப் (அயடின் கரைசலில் முக்கியெடுத்தல்) என்ற மூன்று வழிகளும் மூன்று வேறு கோளாறுகளுக்கானவை. எது தேவை என்பதை விரலும் மூக்குமே பாதி சொல்லிவிடும்.

தொட்டால் தசை இறுக்கம், மேலே மெழுகு பூசியதுபோல் மங்கிய படலம், நாற்றம் இல்லை: தோல் உரிக்கிறது. காத்திருங்கள். சில நாட்களில் முடியலாம், இரண்டு கிழமையும் இழுக்கலாம். ஆனால் நீரோட்டம் படலத்தில் பட வேண்டும். படாவிட்டால் அதில் பாசி பிடித்து, அடியில் உள்ள தசை அழுகத் தொடங்கும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் தொட்டித் தண்ணீரையே பீய்ச்சினால் படலம் கழன்றுவிடும். செனியா எனும் இன்னொரு மென்பவளத்திடம் இந்தப் பொறுமை செல்லாது; கரையத் தொடங்கிய துண்டை அன்றே உறிஞ்சி எடுங்கள்.

ஒன்றல்ல, பல பவளங்கள் சேர்ந்து சுருங்கினால் குற்றம் தண்ணீரில். மாற்றுவதற்கு முன் அளவிடுங்கள், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. பகலில் 25 பாகை காட்டும் தொட்டி இரவில் 21க்கு இறங்கியிருக்கலாம். நுவரெலியாவில் அறை 15 பாகையாகும் இரவில் 100 லீட்டர் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் போதாது, 200 வேண்டும். அதையும் 100 வாட் இரண்டாகப் போட்டால் ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். அடுத்து உப்பு: ஆயிரத்துக்கு 35. உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுக் கரைசலிலேயே சரிபாருங்கள். நைட்ரேட் லீட்டருக்கு 5 முதல் 20 மில்லிகிராம் வரை பரவாயில்லை. பூச்சியம் என்று மகிழ வேண்டாம், மென்பவளம் பட்டினி கிடக்கிறது.

குளிருக்கு ஜன்னலைச் சாத்திய வீட்டில் கரியமில வாயு சேர்வதால் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும். ஒரு குவளை தொட்டித் தண்ணீரை வெளியே வைத்து ஒரு மணி நேரம் காற்றூதுங்கள், பி.எச். ஏறினால் குற்றம் அறைக் காற்றில், தண்ணீர் மாற்றிப் பயனில்லை. நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால் நீர்ப்பரப்பு எப்போதும் கலங்கியபடி இருக்கட்டும்.

மாற்றுவதென்றால் 15 முதல் 20 சதவீதம். 80 லீட்டரில் 15 பாகைத் தண்ணீர் 20 லீட்டர் ஊற்றினால் தொட்டி இரண்டு பாகை விழும். உப்புக் கலக்கும் வாளியிலும் ஹீட்டர் வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆர்.ஓ. வடிகட்டியில் (நுண்சவ்வு வழியே சுத்திகரிப்பது) போடாமல் ஊற்றாதீர்கள். தேயிலைக் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பதுண்டு. பவளத்துக்குச் செம்பு நஞ்சு. குளிரில் ஆர்.ஓ. வடிப்பது மெதுவாகும் என்பதால் முந்திய நாளே பிடித்து வையுங்கள்.

டிப் கடைசி வழி. ஒரே பவளம், கறுத்த புள்ளி, வழுவழுத்த தசை, அழுகிய முட்டை நாற்றம் என்றால் மட்டும். தொட்டிக்கு வெளியே, கறுப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நல்ல தசையில் புதிய பிளேடால் வெட்டுங்கள்; தொட்டிக்குள்ளேயே வெட்டினால் அதன் நஞ்சு மற்றப் பவளங்களைத் தாக்கும். ஒரு லீட்டர் தொட்டித் தண்ணீரில் 5 சதவீத லூகோல் அயடின் 5 முதல் 8 துளி, வெளிறிய பிளேன்டீ நிறம் வரட்டும். பத்து நிமிடம் போதும். அதற்குள் தண்ணீர் ஆறிவிடும், ஆகவே பாத்திரத்தை வெதுவெதுப்பான பேசினுக்குள் வையுங்கள். பாமசியில் நுரைக்கும் அயடின் ஸ்க்ரப் தந்தால் வாங்காதீர்கள்; அதில் சோப்பு இருக்கிறது. சோவாந்திட் எனும் பவள இனத்தை வெட்டினால் கையுறையோடு கண் காக்கும் கண்ணாடியும் கட்டாயம், அதன் நஞ்சு மனிதருக்கும் ஆபத்து.

வேறு உப்புத் தண்ணீரில் அலசித் திருப்பி வையுங்கள், வடிகட்டியில் புதிய கார்பன் போடுங்கள். மூன்று நாள் தொடாதீர்கள். வெட்டுவாய் வெளிறி மூடினால் பிடித்துவிட்டது. மறுபடி கறுத்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே வெட்ட வேண்டியதுதான்.