லா ஸ்ட்ராடாவா, இல் கட்டோபார்டோவா? நீனோ ரோட்டாவை எதில் தொடங்கலாம்?

இரண்டும் இத்தாலியப் படங்கள். இரண்டுக்கும் இசை இத்தாலிய இசையமைப்பாளர் நீனோ ரோட்டாதான். முதலாவது 1954, ஃபெலினி இயக்கியது. அடுத்தது 1963, விஸ்கோன்டி.

மெட்டு:
லா ஸ்ட்ராடா – ஒரே மெட்டு படம் முழுக்கச் சுற்றி வரும். கயிற்றில் நடப்பவன் குட்டி வயலினில் வாசிப்பான். கதாநாயகி ஜெல்சோமினா டிரம்பெட்டில் ஊதுவாள். கடைசியில் துணி காயப்போடும் ஒரு பெண் அதையே பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.
இல் கட்டோபார்டோ – உடனே மனதில் ஒட்டாது. இரண்டு மூன்று முறை கேட்க வேண்டும்.

வாத்தியம்:
லா ஸ்ட்ராடா – சர்க்கஸ் வாசனை, தனி டிரம்பெட்.
இல் கட்டோபார்டோ – முழு ஆர்க்கெஸ்ட்ரா. ரோட்டா தன் பழைய சிம்பொனியிலிருந்தே நிறைய எடுத்திருக்கிறார். நடன விருந்தில் வரும் வால்ட்ஸ் (ஜோடி நடன இசை) மட்டும் ஓபரா இசையமைப்பாளர் வெர்டியுடையது. அதுவரை வெளிவராத பியானோ துண்டு. ரோட்டா அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார்.

படம் பார்க்காமல் கேட்க:
லா ஸ்ட்ராடா – பாதி சுவை போய்விடும்.
இல் கட்டோபார்டோ – தாராளமாக.

வீட்டில் கீபோர்டு இருந்து, ஒரு மெட்டு பழக ஆசை என்றால் லா ஸ்ட்ராடா. இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சாய்ந்து கேட்க இல் கட்டோபார்டோ. என் ஓட்டு? சரி, அந்த டிரம்பெட்டுக்குத்தான்.