அந்தமானில் ‘பசுமை மனை’ என்று வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். அந்தமானில் கடலோரமாக மனை, அதில் இயற்கையைக் கெடுக்காத மூங்கில் குடில்கள், சோலார் விளக்கு, சுற்றுலா வருமானத்தில் பங்கு என்று சொல்லி ஒரு கூட்டம் கல்யாண மண்டபங்களில் ஆள் சேர்க்கிறது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வந்த பணத்தில் நாலரை லட்சம் இவர்களிடம் போய்விட்டது.

பேச்சை நம் ஊரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய், அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடியது, அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் திரையில் வரும். “உங்க பேரப்பிள்ளைங்களாவது நல்ல காத்தை சுவாசிக்க வேணாமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே யார் வேண்டாம் என்பார்கள்? நம் ஜனங்கள் பட்ட வேதனையைக் காட்டியே நம்மிடம் காசு பறித்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்புறம், கேட்ட கேள்விக்கெல்லாம் இயற்கையைக் காட்டித்தான் பதில் வந்தது. எல்லைக்கல் எங்கே என்றால், “கல் நட்டா அலையாத்தி வேர் அறுந்துடும் சார்.” பாதை எங்கே என்றால், “நாங்க மண்ணையே தொட மாட்டோம்.” தனிப் பத்திரம் எப்போது என்றால், “துண்டு துண்டா பிரிச்சா தீவு அழிஞ்சிடும், மொத்தமும் அறக்கட்டளை பேர்லதான் இருக்கும்.” இல்லாத ஒவ்வொரு காகிதத்துக்கும் இப்படி ஒரு நல்ல காரணம் சொல்கிறார்கள்.

ரசீதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். மனை விலை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ‘பசுமை வளர்ச்சிப் பங்களிப்பு’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. சர்வே எண் என்ற கட்டத்தில் கிராமத்தின் பெயரை மட்டும் எழுதி, அதன்மேல் இலை போட்ட முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால், நிலமே விற்கவில்லை, நன்கொடைதான் வாங்கினோம் என்று சொல்லிவிடலாம். ஒப்பந்தம் சென்னையில் நோட்டரி கையெழுத்து வாங்கிய வெறும் முத்திரைத்தாள். அந்தமான் நிலத்தை அந்த நிலம் இருக்கும் பகுதியின் சார்பதிவாளரிடம்தான் பதிய முடியும். பவர் பத்திரம் தருகிறோம் என்றாலும் நம்பாதீர்கள். பவர் பத்திரத்தால் நிலம் கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

போர்ட் பிளேரில் (இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு அவர்கள் வாட்ஸ்அப்பில் கொடுத்த லொகேஷனை அனுப்பினேன். அவன் பைக்கில் போய் நின்று வீடியோ கால் செய்தான். கடல் ஏற்றம். பட்டுப்போன தென்னை மரங்கள் தலையில்லாமல் தண்ணீரில் நிற்கின்றன, நடுவே அலையாத்திக் கன்றுகள். “அண்ணே, இது ஒரு காலத்துல நெல்லு வயல். சுனாமிக்கு அப்புறம் இப்படித்தான் தண்ணி ஏறி இறங்குது” என்றான். 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரை கீழே இறங்கியது. சிப்பிகாட் பக்கம் வயல்கள் உப்புநீரில் மூழ்கியது அங்கே எல்லோருக்கும் தெரியும். துண்டுப் பிரசுரத்தில் இருந்த படமும் இதே இடம்தான், வற்றத்தில் எடுத்தது. அலையாத்தி நிற்கும் இடத்துக்கு 2019 தீவுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிகக் கடுமையான பாதுகாப்பு உண்டு. நினைத்தபடி குடில் போட முடியாது. அதோடு 1966 நிலவருவாய் ஒழுங்குமுறைப்படி அந்தமானில் நிலம் அரசுடையது, மக்களிடம் இருப்பது அனுபோக உரிமை. விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற அனுமதி வேண்டும். அப்படி ஒரு அனுமதியை இவர்கள் எங்களுக்குக் கடைசிவரை காட்டவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மனை, வீடு விற்பனையைக் கண்காணிக்கும் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அந்தமானுக்கும் சேர்த்து நம் தமிழ்நாடு ரெராதான், அலுவலகம் எழும்பூரில் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேலான இடத்தை மனை போட்டு விற்கிறவர்கள் அங்கே பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்த எண் வேறு ஏதோ அடுக்குமாடி வீட்டுடையது.

பணத்தைத் திரும்பக் கேட்டதும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மத்திய குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது புது ஆள் ஒருவர் போன் செய்து, இன்னும் ஐம்பதாயிரம் கட்டினால் லட்சத்தீவில் மாற்று மனை தருகிறோம் என்கிறார். லட்சத்தீவுக்குள் வெளியாட்கள் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே நிலத்தை வெளியாட்களுக்கு மாற்ற நிர்வாகியின் அனுமதி இல்லாமல் முடியாது. அந்த ஐம்பதாயிரத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய் நிறுத்துங்கள். ரசீது, துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்களைப் போலப் பணம் கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம்.